அஞ்சுக்கு ஆறடி அடுப்படியும் பங்குனி மாசத்துக் காயும்

வாசகர் கேள்வி:

அக்கா, நாங்க மதுரை செல்லூர்ல ஒரு மாடி போர்ஷன்ல வாடகைக்கு இருக்கோம். நான், மனைவி, நாலு வயசுப் பொண்ணு. மனைவி நர்ஸ், ஷிப்ட் மாறி மாறி வரும், அதனால வீட்ல சமையல் பெரும்பாலும் நான்தான். அடுப்படி அஞ்சுக்கு ஆறடிதான் இருக்கும், ரெண்டு பர்னர் அடுப்பு, ஒரே ஒரு சின்ன ஜன்னல், மேல மொட்டை மாடிங்கறதால சூடு அப்படியே இறங்குது. ஒத்தைக் கதவு ஃப்ரிட்ஜ், அதுவும் ஹால்லதான் நிக்குது. ஞாயித்துக்கிழமை ஒரு வாரத்துக்குக் காய் வாங்கிட்டு வந்தா வியாழக்கிழமைக்குள்ள பாதி குப்பைக்குப் போயிருது. இந்த சீசன்ல வர்ற மாங்கா, முருங்கைக்காய் எல்லாம் பார்த்தா ஆசையா இருக்கு, மாவடு போடணும்னும் ரொம்ப நாள் ஆசை. இதுல சித்திரைத் திருவிழாவுக்கு ஊர்ல இருந்து ஆறு பேரு வர்றாங்க. இந்த அடுப்படிய வச்சு சமாளிக்க முடியுமா, இல்ல ஓட்டல்லயே வாங்கிரலாமா?

பதில்:

தம்பி, ஓட்டல்லாம் வேணாம், உங்க அடுப்படியிலேயே ஒன்பது பேருக்கு தாராளமா ஆகும், எப்படின்னு கடைசியில சொல்றேன். சமையல் சொல்லிக் கொடுக்கறதுதான் என் வேலை, கத்துக்க வர்றவங்கள்ல முக்காவாசிப் பேரு உங்கள மாதிரி சின்ன அடுப்படிக்காரங்கதான். அந்த அனுபவத்துல சொல்றேன், இடம் பத்தாததவிட அந்த ஞாயித்துக்கிழமை பர்ச்சேஸ்தான் உங்களப் படுத்துது. பங்குனி வெயில்ல ஆறு ஏழு கிலோ காய ஒரே நாள்ல வீட்டுக்குள்ள ஏத்தினா அது எங்க போகும்? பெரிய வீடுன்னா ஒரு மூலையில சாக்க விரிச்சு பரப்பி விட்ருவாங்க, காத்தோட்டமா கிடக்கும். உங்க வீட்ல அது பையோடயே கிடக்கும், காயெல்லாம் வேர்க்கும், அடியில மாட்டின கீரை புழுங்கி மறுநாளே கொழகொழன்னு ஆயிரும், அதுபட்டு மேல இருக்கறதும் போயிரும்.

அதனால வாரத்துக்கு ஒரு தடவைங்கறத மூணு தடவையா மாத்துங்க. நேரம் எங்க இருக்குன்னு கேப்பீங்க. செல்லூர்ல இருந்து சொக்கிகுளம் உழவர் சந்தை உங்களுக்குப் பக்கம்தான், வெள்ளன ஆறு மணிக்குப் போனா அரைமணி நேரத்துல வீட்டுக்கு வந்துரலாம். 1999ல தமிழ்நாட்டுலயே முதல் உழவர் சந்தை நம்ம மதுரை அண்ணா நகர்லதான் திறந்தாங்க, மதுரைக்காரங்களுக்கு இது பழகின விஷயம்தான், ஆனாலும் வேலைக்குப் போற சின்ன வயசு ஆளுங்க நிறைய பேரு அந்தப் பக்கமே போறதில்ல, அது எனக்கு வருத்தம். அங்க அட்டை வச்சிருக்கற விவசாயிங்களே கொண்டு வந்து விக்கறாங்க, அன்னன்னைக்கு விலைய போர்டுல எழுதிப் போட்ருவாங்க, கால் கிலோ கேட்டாலும் முகம் சுளிக்காம போடுவாங்க. உங்களுக்குத் தேவை அந்தக் கால் கிலோதான். நீங்க ரெண்டரைப் பேரு, ஒரு வேளைப் பொரியலுக்குக் கால் கிலோ காய் போதும், சில காய் மிஞ்சக்கூடச் செய்யும்.

வாங்கறதுலயும் ஒரு வரிசை வேணும். எது முதல்ல கெடுமோ அத முதல்ல சமைக்கணும், கேட்டா இதெல்லாம் ஒரு விஷயமான்னு இருக்கும், ஆனா வீட்ல நடக்கறது என்னன்னா கீரைய ஆயணுமேன்னு தள்ளிப் போட்டுட்டு உருளைக்கிழங்க எடுத்து வறுத்துருவோம். கீரை வாங்கின அன்னைக்கே, மிஞ்சிப் போனா மறுநாள். வெள்ளரிப்பிஞ்சு, வெண்டைக்காய் ரெண்டு நாள். முருங்கைக்காய் நாலஞ்சு நாள் வரும். புளிப்பு மாங்கா ஒரு வாரம் வெளியவே கிடக்கும், ஃப்ரிட்ஜ் தேவையே இல்ல. சேனைக்கிழங்கு, முழுசா வாங்கற சின்ன பரங்கிக்காய், சின்ன வெங்காயம், இதெல்லாம் தரையில ஒரு மூங்கில் கூடையில போட்டு வச்சா அது பாட்டுக்கு இருக்கும். ஆக ஞாயித்துக்கிழமை கூடைச் சாமான மட்டும் வாங்குங்க, கீரையும் பிஞ்சுக் காயும் செவ்வாய், வெள்ளின்னு அப்பப்ப.

ஃப்ரிட்ஜப் பத்தி ஒரு வார்த்தை. ஒத்தைக் கதவு ஃப்ரிட்ஜ்ல ஃப்ரீசருக்கு நேர் கீழ ஒரு ட்ரே இருக்கும் பாருங்க, அங்க கீரையோ மல்லித்தழையோ வச்சீங்கன்னா உறைஞ்சு போயி வெளிய எடுத்ததும் தண்ணி விட்டுத் தொங்கிரும், நிறைய பேரு கீரையே கெட்ட கீரைன்னு நினைச்சுக்கறாங்க. அங்க பால், தயிர், ஆட்டின மாவு வைங்க. காய்க்குக் கீழ இருக்கற டப்பாதான், அதுலயும் ஒரு பருத்தித் துணிய விரிச்சு, காய ஈரம் இல்லாமத் துடைச்சு உள்ள வைங்க. முருங்கைக்காய முழுசா சொருகாதீங்க, விரல் நீளத்துக்கு வெட்டி டப்பாவுல போட்டா இடம் அடைக்காது. பழுத்த மாம்பழம், வாழைப்பழம், தக்காளி இதுங்களுக்குப் பக்கத்துல கீரைய வைக்கவே வைக்காதீங்க, பழுக்கற பழத்துல இருந்து எத்திலீன்னு ஒரு வாயு வரும், அது பட்டா கீரை மஞ்சளாயிரும், வெள்ளரிக்காயும் சீக்கிரம் தளர்ந்துரும். அப்பறம் ஃப்ரிட்ஜ் முழுக்க அடைச்சு வச்சா உள்ள குளிர்ச்சி ஓடாது, கொஞ்சம் சந்து விட்டு வைங்க.

இப்ப சமையலுக்கு வரேன். இந்த சீசன் காய்கள்ல ஒரு நல்ல குணம், பாதிக்கு மேல அடுப்பே கேக்காது, இல்லைன்னா அஞ்சு பத்து நிமிஷத்துல வேலைய முடிச்சிரும். வெயில் காலத்துல வர்ற காய் அப்படி இருக்கறதப் பார்த்தா எனக்கு எப்பவும் மனசுக்கு சந்தோஷமா இருக்கும். உங்க அடுப்படிக்கு அது ரொம்பத் தோது.

வெள்ளரிப்பிஞ்சு கோசுமல்லி செஞ்சு பாருங்க. பாசிப்பருப்பு அரை டம்ளர் கழுவி ஒரு மணி நேரம் ஊற வச்சு, தண்ணிய நல்லா வடிச்சிருங்க. மூணு நாலு பிஞ்ச பொடியா நறுக்கி, கூட ரெண்டு ஸ்பூன் துருவின புளிப்பு மாங்கா, கொஞ்சம் தேங்காப்பூ, கடுகும் பச்ச மிளகாயும் பெருங்காயமும் தாளிச்சுக் கொட்டி, அம்புட்டுதான். உப்ப மட்டும் தட்டுல பரிமாறறதுக்கு முன்னாடிதான் போடணும், முன்னாலயே போட்டா வெள்ளரி தண்ணி விட்டு எல்லாம் நீச்சத்தண்ணி ஆயிரும். உங்க பொண்ணுக்கு மிளகா இல்லாம ஒரு கிண்ணம் தனியா எடுத்து வைங்க, கரகரன்னு இருக்கறதால சின்னப் பிள்ளைங்க இதக் கையிலயே அள்ளித் தின்னும்.

அடுத்து மாங்கா முருங்கைக்காய் சாம்பார், இந்த மாசத்துக்குன்னே பிறந்த குழம்பு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில உருவாக்கின பிகேஎம் 1 ரகம் வந்ததுக்கு அப்பறம் நம்ம பக்கம் நீள முருங்கைக்காய்க்குப் பஞ்சமே இல்ல, பங்குனியில இருந்து வரத்து ஏறி விலை இறங்கிரும். காய வாங்கும்போது ரெண்டு கையாலயும் பிடிச்சு லேசா முறுக்கிப் பாருங்க, வளைஞ்சு கொடுத்தா இளசு, விறைச்சுக்கிட்டு நின்னா உள்ள நார்தான். குக்கர்ல துவரம்பருப்பு மட்டும் வேகட்டும், மாங்காய அதுகூடப் போட்றாதீங்க. புளிப்பு பட்டா பருப்பு வேகாது, எத்தனை விசில் விட்டாலும் முழிச்சு முழிச்சுப் பார்க்கும். பருப்பு வெந்துக்கிட்டு இருக்கற நேரத்துல அடுத்த அடுப்புல ஒரு சட்டியில முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் சாம்பார் பொடியும் போட்டு மூடி வைங்க, எட்டுப் பத்து நிமிஷத்துல காய் வெந்துரும். மசிச்ச பருப்ப அதுல ஊத்திட்டு மாங்காத் துண்டுகளக் கடைசியில போடுங்க, ஒரு கொதி, அஞ்சு நிமிஷம், இறக்கிருங்க. புளி கரைக்கிற வேலையே கிடையாது. முருங்கைக்காய குக்கர்ல போட்டா வெடிச்சு சதையெல்லாம் கரைஞ்சு சக்கைதான் மிஞ்சும், நேரம் மிச்சம்னு நிறைய பேரு அப்படிச் செய்யறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல.

கீரைக்கு ரெண்டே விஷயம். மூடாம வேக வைங்க, மூடினா கீரையில இருக்கற புளிப்பு ஆவி வெளிய போக முடியாம உள்ளயே சுத்தி பச்சை நிறத்தக் கெடுத்துரும். ஆயறதுக்கு இடமில்லைன்னா ஹால்ல பேப்பர விரிச்சு டிவி பார்த்துக்கிட்டே ஆயுங்க, பொண்ணையும் உக்கார வைங்க, அரைக்கீரைய ஆய நாலு வயசுக் கை போதும். பலாப்பிஞ்சும் வாழைப்பூவும் இப்போதைக்கு வேணாம், பாலும் பிசினும் ஒட்டி உங்க சிங்க்கே போயிரும், சந்தையில தோல் சீவித் துண்டு போட்டுத் தர்றவங்க இருந்தா மட்டும் பலாப்பிஞ்சு வாங்கலாம். நுங்கு வந்தா சமைக்கவே தேவையில்ல, ஆனா வெட்டின அன்னைக்கே சாப்பிட்டுரணும்.

வேப்பம்பூவ விட்றாதீங்க. இப்ப தெருவுக்குத் தெரு வேப்பமரம் பூத்து நிக்குது, மாடி வீட்டுக்காரர் நீங்க, வெயில் இறங்கற அந்த மொட்டை மாடிதான் உங்களுக்கு வசதி. ரோட்டோரத்து மரத்த விட்டுட்டு தூசி இல்லாத மரத்தடியில சுத்தமான துணிய விரிச்சு வச்சா காலையில பூ உதிர்ந்து கிடக்கும், அலசி, ரெண்டு மூணு நாள் மெல்லிசு துணி போர்த்திக் காய வச்சு பாட்டில்ல போட்டுட்டா அடுத்த பங்குனி வரைக்கும் வரும். ரசத்துக்கு நெய்யில கருஞ்சிவப்பா வறுத்து, இறக்கினதுக்கு அப்பறம் கொட்டணும், கூடவே கொதிக்க விட்டா ரசம் முழுக்கக் கசந்துரும். ஏப்ரல் 14 வருசப் பிறப்புக்கு வெல்லம் போட்ட மாங்காப் பச்சடியில இதே பூவத் தூவுங்க.

மாவடு. இத இந்த வாரமே செய்யணும் தம்பி, தள்ளிப் போடாதீங்க, பங்குனி முடியப் போகுது, மாங்காக்குள்ள கொட்டை கட்டிருச்சுன்னா அது வடு இல்ல. வாங்கும்போது கடைக்காரர்கிட்ட கேட்டு ஒண்ண நறுக்கிப் பாருங்க, கத்தி நடுவுல தடுக்காம இறங்கணும், கொட்டை இருக்கற இடம் வெள்ளையா மெத்துன்னு இருக்கணும். காம்பு அரை அங்குலமாவது ஒட்டிக்கிட்டு இருக்கறதாப் பொறுக்குங்க, காம்பு போன வடுவுல அந்த இடத்துல இருந்துதான் கெட ஆரம்பிக்கும். இந்த அடுப்படியில எங்க வச்சுப் போடறதுன்னு யோசிக்காதீங்க, ஒரு கிலோவுக்கு ரெண்டு லிட்டர் கண்ணாடி பாட்டில் ஒண்ணு போதும், அதுக்கு மேல ஒரு இஞ்ச் இடம் கூட அது கேக்காது, அடுப்பு பத்த வைக்கவே வேணாம்.

கழுவி, துணியில பரப்பி, ஈரம் துளி கூட இல்லாம நிழல்ல உலர்த்துங்க, இதுல அவசரப்பட்டா பூசணம்தான். ரெண்டு ஸ்பூன் விளக்கெண்ணெய எல்லா வடு மேலயும் படற மாதிரி கையால புரட்டிருங்க. அப்பறம் பாட்டில்ல ஒரு அடுக்கு வடு, ஒரு கை கல்லுப்பு, மறுபடியும் வடு, இப்படி, ஒரு கிலோவுக்கு நூத்தம்பதுல இருந்து இருநூறு கிராம் கல்லுப்பு பிடிக்கும். காலையிலயும் சாயங்காலமும் பாட்டில மூடியோட குலுக்கி விடுங்க, கரண்டி போட்டுக் கிளறாதீங்க. மூணு நாலு நாள்ல வடு தோல் சுருங்கி அடியில தண்ணி நிக்கும், அந்தத் தண்ணிய ஒரு கிண்ணத்துல வடிச்சு, ரெண்டு மேசைக்கரண்டி கடுகு, பத்துப் பதினஞ்சு வத்தல், அரை ஸ்பூன் மஞ்சள், மூணையும் மிக்சி சின்ன ஜார்ல பொடிச்சு அதுல கலக்கி, திரும்ப பாட்டில்லயே ஊத்திருங்க. வத்தல் ராமநாதபுரம் முண்டு மிளகாயா இருந்தா நல்லது, இப்ப அதுக்கும் சீசன்தான், 2023ல புவிசார் குறியீடு வாங்கின மிளகா அது, காரம் தொண்டையக் கிழிக்காது, நிறமும் நல்லாப் பிடிக்கும். இன்னும் ரெண்டு வாரம் ஊறினா தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கலாம், திருவிழாவுக்கு சரியா வந்து நிக்கும்.

சூடு பத்தி எழுதியிருந்தீங்க. அடுப்பு வேலைய காலையில எட்டு மணிக்குள்ள முடிச்சிருங்க, அதுக்கு அப்பறம் மாடிச் சூடும் அடுப்புச் சூடும் சேர்ந்தா மனுஷன் நிக்க முடியாது. ஆனா காலையில செஞ்சத ராத்திரி வரைக்கும் வெளிய வச்சு சாப்பிடக் கூடாது. 32 டிகிரிக்கு மேல போயிட்டா சமைச்ச சாப்பாட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல வெளிய வைக்க வேணாம்னு உணவுப் பாதுகாப்புக்காரங்க சொல்லுவாங்க, நம்ம ஊரு சித்திரை வெயில் உங்களுக்கே தெரியும். தேங்கா போட்ட பொரியல், கூட்டு, பருப்பு இதெல்லாம் மதியத்துக்குள்ள ஊசிப் போயிரும். ராத்திரிக்கு வேணுங்கறத ஆறின உடனே சின்னச் சின்ன டப்பாவுல போட்டு உள்ள வைங்க, பெரிய குண்டான அப்படியே வச்சா நடுவுல சூடு அப்படியேதான் நிக்கும். மூணாவது அடுப்பு வேணும்னா ஒரு இண்டக்‌ஷன் வாங்கி ஹால்ல வைங்க, ஃப்ரிட்ஜ் மாட்டியிருக்கற அதே ப்ளக்குல எக்ஸ்டென்‌ஷன் பாக்ஸ் போட்டு மாட்டாதீங்க, 16 ஆம்பியர் ப்ளக் தனியா வேணும். கேஸ் சிலிண்டர சாமான் சந்துல முழுசா அடைச்சு மூடி வைக்க வேணாம், கேஸ் காத்தவிட கனம், கசிஞ்சா தரையோட தங்கும், அந்தச் சின்ன ஜன்னல மட்டும் நம்பாம அடுப்படிக் கதவையும் திறந்தே வைங்க.

இனி திருவிழா. அழகர் ஆத்துல இறங்கற அன்னைக்கும் முந்தின நாள் எதிர்சேவைக்கும் கோரிப்பாளையம், தல்லாகுளம், உங்க செல்லூர்ப் பக்கமெல்லாம் வண்டி நகராது, அதனால சந்தைக்கு ரெண்டு நாள் முன்னாடியே போயிட்டு வந்துருங்க. வர்றவங்க பாதி நேரம் கூட்டத்துலதான் நிப்பாங்க, வீட்டுக்கு வந்ததும் உடனே தட்டுல விழற சாப்பாடுதான் அவங்களுக்கு வேணும், நீங்களும் சாமி பார்க்கணும்ல.

புளிக்காய்ச்சல மூணு நாள் முன்னாடியே செஞ்சு வைங்க, இப்ப புதுப் புளி வந்திருக்கு, ஆனா அது புளிப்பு தூக்கலா இருக்கும், பழைய புளி வீட்ல இருந்தா பாதிக்குப் பாதி கலந்துக்கங்க. நல்லெண்ணெய் மேல மிதக்கற அளவுக்கு சுண்டக் காய்ச்சினா வெளியவே இருக்கும். அன்னைக்குக் காலையில சாதம் மட்டும்தான் வேலை. ஒன்பது பேருக்கு ஒரு வேளைக்கு ஒரு கிலோ அரிசி சரியா இருக்கும், உங்ககிட்ட இருக்கறது 5 லிட்டர் குக்கர்னா அத ஒரேடியா போட்றாதீங்க, அரிசியும் தண்ணியும் சேர்ந்து குக்கர்ல பாதிக்கு மேல போகக் கூடாது, போனா கஞ்சி பொங்கி வெயிட் ஓட்டைய அடைச்சுக்கும். அரை அரை கிலோவா ரெண்டு தடவை வைங்க, முதல் சாதத்த தாம்பாளத்துல கொட்டி ஆற விட்டு புளிக்காய்ச்சல் போட்டுக் கிளறிருங்க, ரெண்டாவது சாதம் தயிர்சாதத்துக்கு. அதுக்குக் குழைய விட்டு மசிச்சு, ஆற வச்ச பால் முக்கால் பங்கு, தயிர் கால் பங்குன்னு ஊத்துங்க, மதியம் தட்டுல விழறப்ப பதமாப் புளிச்சு இருக்கும், முழுக்கத் தயிரா ஊத்தினா அந்த வெயில்ல ஒரு மணிக்கெல்லாம் வாயில வைக்க முடியாது.

வெஞ்சனத்துக்கு மாவடு இருக்கு, கோசுமல்லிய ஆளு வந்ததும் பத்து நிமிஷத்துல கலந்துரலாம், அப்பளம் பொரிக்க ஒரு அடுப்பு. நீர்மோருக்குப் பானை ஒண்ணு ஹால்ல வச்சிருங்க, இஞ்சி, கறிவேப்பிலை, ரெண்டு துண்டு மாங்கா தட்டிப் போட்டு. மறுநாள் ஆளு குறைஞ்சதும் மாங்கா முருங்கைக்காய் சாம்பார், வேப்பம்பூ ரசம், சேனை வறுவல்னு உக்கார வச்சுப் போடுங்க, அதெல்லாம் ரெண்டு பர்னர்ல ஒரு மணி நேர வேலைதான்.

மாவடு போட்டு அஞ்சாவது நாள் பாட்டில்ல பாதி உயரத்துக்காவது தண்ணி நிக்கணும். நிக்கலைன்னா பயந்து கொட்டிராதீங்க, ரெண்டு டம்ளர் தண்ணிய நாலு ஸ்பூன் கல்லுப்பு போட்டுக் கொதிக்க வச்சு, முழுசா ஆறினதுக்கு அப்பறம் வடு முங்கற வரைக்கும் ஊத்துங்க, சரியாயிரும்.